எங்க சாமி மட்டும் ஓட்டையா?

காகிதத்தில் படம் வெட்டித் தரும் தொழிலுக்கு வந்தவர்களுக்கு ஓர் உண்மை சீக்கிரமே தெரிந்துவிடும்: வாடிக்கையாளர் கேட்பது படம், நாம் விற்பது ஓட்டை.

கணினியில் கோடு வரைந்து கொடுத்தால், அச்சுப்பொறியைப் போல இருக்கும் ஓர் இயந்திரம், மை தெளிப்பதற்குப் பதிலாகச் சின்னக் கத்தி ஒன்றை அந்தக் கோட்டின் மேல் ஓட்டும். அவ்வளவுதான் வித்தை. எது நிற்க வேண்டும், எது விழ வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வரைவதுதான் நம் வேலை. யோசித்ததை வாடிக்கையாளருக்கு விளக்கப் போவதுதான் நம் நோய். மலேசியாவின் ஈப்போவில் ஒரு காப்பிக் கடையின் மாடியில் நானும் ஜெசிந்தாவும் ஆறு வருடமாக இதைச் செய்துவருகிறோம். நான் வரைவேன், அவள் வெட்டுவாள். அதற்கு முன்பு நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கதோஷத்தில், சாப்ட்வேரோடு வந்த தடித்த கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். இந்த நாட்டில் அப்படிப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஜெசிந்தா அதைத் திறந்ததே இல்லை. என்னைவிட அவளுக்கு வேலை நன்றாகத் தெரியும்.

இதே தொழிலில் இருந்து, இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லித் தொண்டை வறண்டுபோன சகோதர சகோதரிகளே, நீங்கள் தனியாக இல்லை. படியுங்கள்.

மூக்குக்குப் பாலம்

ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், தம் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவர் முகத்தை ஒரே கறுப்புத் தாளில் வெட்டித் தரச் சொன்னார். படம் வாட்ஸ்அப்பில் வந்தது. யாரோ கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படம். அப்பா இரண்டாவது வரிசையில், முக்கால் முகத்தோடு, எதையோ மென்றுகொண்டிருந்தார்.

அதுகூடப் பிரச்சினை இல்லை. முகத்தை வெட்டினால், நடுவில் இருக்கும் கண்ணும் மூக்கும் எதையும் தொடாமல் தீவுபோல நிற்கும். தாளைத் தூக்கியதும் உதிர்ந்துவிடும். உதிராமல் இருக்க மூக்கிலிருந்து கன்னத்துக்கும், கன்னத்திலிருந்து காதுக்கும் மெல்லிய காகிதப் பட்டைகளை விட்டுவைக்க வேண்டும். தொழிலில் இதற்குப் பாலம் என்று பெயர். நான் ஏழு பாலம் கட்டினேன். ஏழையும் முகச் சுருக்கம்போலத் தோன்றும்படி வளைத்தேன். என் திறமையை நானே மெச்சிக்கொண்டு அனுப்பி வைத்தேன். மறுநாள் அழைத்தார்.

"அண்ணே, நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கப்பா மூஞ்சில எதுக்குக் கயிறு கட்டிருக்கீங்க? அவரு என்னா ஆடா?"

நாற்பத்தொன்பது துண்டு

தீபாவளிக்கு முன்பு ஓர் அக்கா வந்தார். மண்டபத்தில் கோலப் போட்டி. கோலத்தைத் தாளில் வெட்டிக்கொண்டு போய்த் தரையில் விரித்து, மேலே மாவைத் தூவி, தாளை எடுத்துவிட்டால் கோலம் தயார் என்பது அவர் திட்டம். போட்டி விதி இதை ஏற்குமா என்று கேட்டேன். விதியைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் கொண்டுவந்ததோ சிக்குக் கோலம்: புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் கோடு. அந்தக் கோட்டை வெட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் தனித்தனியாகக் கழன்றுவிடும், பாலம் போட வேண்டும் என்று விளக்கினேன். கோலத்தில் கோடு அறுந்தால் வீட்டுக்கு ஆகாது என்றார்.

எனக்குள் இருக்கும் குறும்பு அப்போது விழித்துக்கொண்டது. அவர் கேட்டபடியே, ஒரு பாலம்கூட இல்லாமல் வெட்டினேன். காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒட்டுப் பாயிலிருந்து ஜெசிந்தா தாளை உரித்தாள். கையோடு வந்தது வெளிச்சட்டம் மட்டும். பாயின் மேல் நாற்பத்தொன்பது துண்டுகள் உடைந்த அப்பளம்போலக் கிடந்தன. அக்கா திகைத்துப் போவார், நான் பெருந்தன்மையோடு நடந்துகொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"பரவால்லண்ணே. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டுக் குடுங்க, நான் தரையில வச்சு அடுக்கிக்கிறேன்."

அரசாங்கத்துக்கு மட்டும் கல்யாணம்

இவர்களெல்லாம் ஒரு நாள் வந்து போனவர்கள். இனி சொல்லப்போகிறவர்கள் மூன்று மாதம் என் கடையை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஜெசிந்தாவுக்கும் சுரேஷுக்கும் கல்யாணம் ஆகி எட்டு மாதம் ஆகியிருந்தது, அரசாங்கத்தைப் பொறுத்தவரை. நம் ஊரில் முதலில் போய் ரெஜிஸ்டர் பண்ணிவிடுவார்கள், சடங்கு பிறகு வசதிப்பட்ட மாதத்தில். சடங்கு முடியும்வரை பெண் அவள் வீட்டில், பையன் அவன் வீட்டில். ஜெசிந்தா குடும்பம் சித்தியவான் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். சுரேஷ் குடும்பம் பாரிட் புந்தாரில் இந்துக்கள். இரண்டு அப்பாக்களும் காதலுக்குச் சம்மதித்தார்கள். பதிவு நாளில் சேர்ந்து நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். காலையில் மாதா கோயிலில் திருப்பலி, மாலையில் மண்டபத்தில் தாலி என்பதுகூட முடிவாகிவிட்டது. மிச்சம் இருந்தது கல்யாணக் கார்டு. கார்டின் வடிவத்தை இரு தரப்பும் ஏற்ற பிறகுதான் தேதி குறிப்பது என்று இருவரும் கறாராகச் சொல்லிவிட்டார்கள். தேதி முதலில் வந்துவிட்டால், அந்த அவசரத்தில் எதிர்த்தரப்பு எதையாவது கார்டில் நுழைத்துவிடும் என்று இருவருக்கும் ஒரே பயம்.

இதற்கிடையே தைப்பிங்கில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்தாகிவிட்டது. அதில் ஓர் ஐஸ்பெட்டி மட்டும் தனியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அரிசி ஆலை மெக்கானிக்கான சுரேஷ் ஞாயிறுதோறும் ரயிலேறி ஈப்போவுக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டப்படி தன் மனைவியான பெண் காகிதம் உரிப்பதைப் பார்த்துவிட்டு, மாலை ரயிலில் திரும்பிப் போவான். கார்டில் என்ன போடலாம் என்று ஜெசிந்தாவைக் கேட்டேன். மயில், மல்லிகைக் கொடி, இரட்டை அன்னம் என்று சாப்ட்வேரில் இருக்கிற எல்லாவற்றையும் திறந்து காட்டினேன்.

"மயிலும் வேணாம், மண்ணும் வேணாம்ணே. தேதி ஒண்ணு இருந்தா போதும்."

முதல் வடிவம்

அப்பாக்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஜெசிந்தாவின் அப்பா ஆரோக்கியசாமி, ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் கிராணியாக இருந்து கணக்கு எழுதியவர். தோட்டம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம் ஆகி, பிறகு வீட்டுமனை ஆகி, இப்போது அங்கே ஒரு பேரங்காடி நிற்கிறது. அவர் மட்டும் இன்னும் கிராணியார்தான். சுரேஷின் அப்பா முனியாண்டி நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்து, இப்போது அப்படி இரண்டு இயந்திரங்களுக்குச் சொந்தக்காரர். ஒருவர் எதையும் மெதுவாகச் சொல்லி எரிச்சலூட்டுவார். மற்றவர் சத்தமாகச் சொல்லி.

கார்டு வாசற்கதவுபோல இரண்டு பக்கமாகத் திறக்கும். ஒரு கதவில் குத்துவிளக்கு, மற்றதில் சிலுவை. விளக்கின் கழுத்து மெலிசு, அதில் நெளிவுகள் அதிகம். அதைச் சுற்றியுள்ள தாளை நீக்கி விளக்கை நிறுத்தினால்தான் அழகு. சிலுவை நேர்க்கோடு; அதைத் தாளில் துளைத்து, பின்னால் தங்கக் காகிதம் வைத்தால் ஜன்னலில் வெளிச்சம் வருவதுபோல மின்னும். இதில் மதம் எதுவும் இல்லை, வெட்டும் கணக்கு மட்டுமே. மாதிரியை மேசை மேல் வைத்தேன். முனியாண்டிக்கு உடனே பிடித்துவிட்டது. கிராணியார் அதைக் கையில் எடுத்தார். சிலுவைக்குள் விரலை விட்டு, மறுபக்கம் வந்த விரலைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி மிஸ்டர். ஏன் எங்க சாமி மட்டும் ஓட்டையா இருக்கு?"

இரண்டாம் வடிவம்

மாற்றினேன். சிலுவை நின்றது, விளக்கு துளையானது. விளக்கின் கழுத்தை வெட்டும்போது இரண்டு தாள் கிழிந்து, மூன்றாவதுதான் தேறியது. இந்த முறை கிராணியாருக்கு உடனே பிடித்துவிட்டது.

முனியாண்டி கார்டை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். விளக்கின் வடிவத்துக்குள் கீழே நிற்கும் லாரி ஒன்று தெரிந்தது. தெரிந்திருக்கக் கூடாதுதான், தங்கக் காகிதத்தை நான் இன்னும் ஒட்டவில்லை. ஒட்டினால் எப்படி மின்னும் என்பதை ஒளியியல்படி விளக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெளக்கு இருக்க வேண்டிய எடத்துல வெறும் ஓட்டையா இருக்கே தம்பி. எவனோ களவாண்டுக்கிட்டுப் போன மாரி இருக்குலா."

சம்பந்தி ஏன் ஒத்துக்கொண்டார்

இரண்டையுமே நிறுத்தினேன். துளையும் கிடையாது, களவும் கிடையாது. அடுத்த கேள்வி, எது எந்தக் கதவில்? படிக்கிறவன் கண் இடது பக்கத்திலிருந்துதானே தொடங்கும், ஆகவே சிலுவை இடது பக்கம் இருக்க வேண்டும் என்றார் கிராணியார். மங்களமான எதுவும் வலது பக்கம்தான், ஆகவே விளக்கு வலது பக்கம் என்றார் முனியாண்டி. அதாவது இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். சுரேஷ் காலண்டரை எடுக்கவே போய்விட்டான்.

முனியாண்டி பசியாறக் கீழே இறங்கியதும் கிராணியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"அவரு ஏன் இவ்ளோ சீக்கிரமா சரின்னுட்டாரு? எடது பக்கத்துல என்னமோ இருக்கு மிஸ்டர். மாத்தி வைங்க."

நெருப்பின் உயரம்

மாற்றி, மறுபடி மாற்றி, பழைய இடத்துக்கே வந்து சேர்ந்த பிறகு அளவுப் பிரச்சினை தொடங்கியது. அதற்கு முழுக் காரணம் நான். சாப்ட்வேரில் எந்த வடிவத்தைத் தொட்டாலும் அதன் அகலமும் உயரமும் மேலே எண்ணாகத் தெரியும். எது உயரம் என்று கிராணியார் கேட்டார். 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். பிழை திருத்தியவன் புத்தி, விளக்கு நான்கு மில்லிமீட்டர் அதிகம் என்று சொல்லிவிட்டேன். கிராணியார் சட்டைப் பையிலிருந்து இரும்பு அடிக்கோலை எடுத்தார். எண்ணைத் திரையிலேயே பார்த்த பிறகும் தாளில் வைத்து ஒருமுறை அளந்தார்.

விளக்கைக் குறைத்தேன். உயரத்தோடு அகலமும் குறைந்ததை முனியாண்டி கண்டுபிடித்தார். அகலத்தை அப்படியே வைத்து உயரத்தை மட்டும் குறைத்தேன். விளக்கு எச்சில் படிக்கம்போல ஆனது. சிலுவையை உயர்த்தலாம் என்றால், கதவின் மேல்சட்டத்தில் இடித்தது. கடைசியில் முனியாண்டி ஒரு கணக்கோடு வந்தார். விளக்கின் உச்சியில் இருக்கிற தீயை நீக்கிவிட்டு அளந்தால், விளக்குதான் சிலுவையைவிடக் குட்டை. ஆகவே உண்மையில் தாம்தான் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாராம். தீ விளக்கைச் சேர்ந்ததா இல்லையா என்று கேட்கக் கோயில் குருக்களுக்குப் போன் போட்டார்; அவர் எடுக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கிராணியார் அடிக்கோலைப் பையில் செருகிக்கொண்டு தீர்ப்பு வழங்கினார்.

"நெருப்ப வுட்டுட்டுத்தான் அளக்கணும்னா, பத்த வச்சிட்டு அளந்தா என்னா ஆவும் சம்பந்தி? தெனம் ஒரு கார்டா அடிக்க முடியும்?"

மூன்றாவது ஆள்

கீழே காப்பிக் கடை நடத்தும் சீன முதலாளி, எல்லாருக்கும் தவுக்கே, ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நம்மில் பலரைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். சத்தம் தாங்காமல் ஒரு நாள் காப்பித் தட்டோடு மேலே வந்தார். மேசையில் பரப்பிக் கிடந்த பதினோரு மாதிரிகளையும் பார்த்தார். கீழே போய், தம் மகள் கல்யாணத்துக்கு ஒட்டியிருந்த சிவப்புக் காகிதம் ஒன்றைக் கண்ணாடியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தார். சீனர்கள் கல்யாணத்துக்கு வைக்கும் இரட்டை மகிழ்ச்சி எழுத்து. "இத வெட்டு மச்சான். எல்லாம் ஒரே துண்டு, ஒண்ணும் விழாது" என்றார்.

நான் சொக்கிப்போனேன். எந்தக் கோடும் எதையும் தொடாமல் இல்லை; ஒரு பாலம்கூடத் தேவையில்லை; இடதும் வலதும் ஒரே உயரம், ஒரே அகலம். ஆயிரம் வருடத்துக்கு முன்பே எவனோ ஒரு புண்ணியவான் நம் தொழிலை மனத்தில் வைத்து வரைந்ததுபோல இருக்கிறது என்று நீளமாகப் புகழ்ந்தேன். ஜெசிந்தாவும் ஆசையோடுதான் பார்த்தாள். அப்பாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் முதல் முறையாக அவர்கள் நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் நகர்ந்தன. முனியாண்டி குரலைத் தாழ்த்தினார், அதாவது காப்பிக் கடைக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு.

"மூணாவது ஆள உள்ள வுட்றாதிங்க சம்பந்தி. நாம ரெண்டு பேருக்கே இன்னும் முடிஞ்ச பாடில்ல."

கையேட்டை எழுதியவன்

உண்மையை முறையாக எடுத்துச் சொன்னால் யாரும் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்புகிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். ஒரு வாரம் உட்கார்ந்து பன்னிரண்டு மாதிரிகள் வெட்டி, சொற்பொழிவு ஒன்றைத் தயாரித்தேன். காகிதத்தில் நிற்பதும் துளையும் சமம். ஒன்றில்லாமல் மற்றது இல்லை. கர்ப்பக்கிரகம் என்பதே ஒரு கல்லுக்குள் விட்டுவைத்த வெற்றிடம்தானே என்று முனியாண்டியைப் பார்த்துச் சொன்னேன். உயிர்ப்பு ஞாயிறு அன்று கல்லறை வெறுமையாக இருந்ததில்தானே உங்கள் நம்பிக்கையே ஆரம்பம் என்று கிராணியாரைப் பார்த்துச் சொன்னேன். இருவரும் அமைதியாகக் கேட்டார்கள். என் வாழ்நாளில் நான் இவ்வளவு அழகாகப் பேசியதில்லை.

இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று கிராணியார் கேட்டார். கொஞ்சம் கையேட்டில், மீதி என் யோசனை என்றேன். கையேட்டை எழுதியவன் வெள்ளைக்காரன் என்றால் அவன் சம்பந்தியின் ஆள், யோசனை என்னுடையது என்றால் நான் யார் ஆள் என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும் என்றார் முனியாண்டி. பிறகு கிராணியார் எழுந்து நின்று, இவ்வளவு இழுபறிக்குப் பிறகு இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் நிதானமாகப் பார்க்கலாம் என்றார். முனியாண்டியும் தலையை ஆட்டினார். ஒத்துக்கொள்ள அவர்களுக்குக் கிடைத்த விஷயம் இது ஒன்றுதான். ஜெசிந்தா வெட்டுத் துண்டுகளைக் கிள்ளி எடுக்கக் கையில் வைத்திருந்த கொக்கி ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மூன்று மாதமாக வாயைத் திறக்காத சுரேஷ் அப்போதுதான் பேசினான்.

"அடுத்த வருசமா? ஐஸ்பெட்டிக்கு வாரண்டியே முடிஞ்சிரும் மாமா."

மெதுவாக வரட்டும்

கடைசியாக ஒரே ஒரு தடவை உட்காருங்கள் என்று ஜெசிந்தா கெஞ்சிக் கேட்டதால் அடுத்த ஞாயிறு வந்தார்கள். வந்த வேகத்திலேயே, தீயின் உயரத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். முனியாண்டி மேசையைத் தட்டினார். கிராணியார் அடிக்கோலை உருவினார். அந்த நேரம் பார்த்து மடிக்கணினி உறைந்துபோனது. திரை நீலமாகி, ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. புதுப்பிக்கிறேன், அணைத்துவிடாதே என்றது.

அப்போது நடந்ததை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. இருவரும் அப்படியே அடங்கினார்கள். முனியாண்டி கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிராணியார் அடையாள அட்டை பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். ஆயுள் முழுக்க எத்தனையோ அரசாங்க ஆபீஸ் முகப்புகளின் முன்னால் வரிசையில் உட்கார்ந்து பழகிய இரண்டு பேர், வட்டம் சுற்றுவதை முக்கால் மணி நேரம் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஜெசிந்தா கேட்கவில்லை. அவள் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டம் டௌனா மிஸ்டர்? பரவால்ல, அவசரமில்ல. மெதுவா வரட்டும்."

சிவப்புக் கட்டம்

அதற்கடுத்த ஞாயிறு, கணினிக்கு முன்னால் என் இடத்தில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். அப்பாக்களின் கண்முன்னே கார்டைத் திறந்து ஒரு பொத்தானைத் தட்டினாள். திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று வந்தது. உள்ளே ஆச்சரியக்குறி போட்ட முக்கோணம், அதன் கீழே மலாயில் ஒரு வரி: இந்த வடிவத்தில் சாமி சின்னங்களுக்கு அனுமதி இல்லை. கட்டத்தை அவள் முதல் நாளே வரைந்து ஒளித்து வைத்திருந்தாள் என்பது எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எழுத்து, கல்யாணக் கார்டுக்காக நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த சுருள் சுருளான அலங்கார எழுத்து. உலகில் எந்தக் கணினியும் பிழைச் செய்தியைக் கொடி படர்ந்த எழுத்தில் சொல்வதில்லை. எனக்கு நாக்கு அரித்தது. சுரேஷ் என் காலை மிதித்தான். மெக்கானிக்கின் கால், கனமானது.

"சிஸ்டம் தக் போலேன்னுதுப்பா," என்றாள் ஜெசிந்தா, முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஊழியரின் அதே சலிப்போடு. "சிஸ்டத்துல முடியாதாம். ரெண்டு சின்னமும் போவாது. பேரு, தேதி, எடம், அவ்வளவுதான் எடுக்கும்."

"ரெண்டுமேவா?" என்று முனியாண்டி கேட்டார்.

"ரெண்டுமே மாமா."

"அப்ப சரி," என்றார் கிராணியார். அதோடு இருவரும் நாற்காலியில் சாய்ந்தார்கள். தம் சாமி கார்டில் இல்லையே என்ற வருத்தத்தைவிட, எதிர்த்தரப்புச் சாமியும் இல்லை என்ற நிம்மதிதான் இரண்டு முகத்திலும் தெளிவாகத் தெரிந்தது.

"இப்ப தேதி கேக்குது," என்றாள் அவள். "பத்து நிமிசத்துல போடலன்னா லாக் ஆயிரும். அப்புறம் மறுபடி மொதல்லேருந்து."

சுரேஷ் காலண்டரைக் கொண்டு ஓடி வந்தான். ஆடி கூடாது என்றார் ஒருவர். தவக்காலம் கூடாது என்றார் மற்றவர். மார்கழியும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலமும் சேர்ந்தே அடிபட்டன. அறுவடை மாதத்தை முனியாண்டி அடித்தார். மிஞ்சியிருந்த சனிக்கிழமைகளில் ஒன்றின் மேல் இரண்டு விரல்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், எட்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. தேதியை அவள் தட்டினாள். கிராணியார் தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கத்தி ஓடி முடியும்வரை எழுந்து நின்றார். முதல் கார்டைப் பாயிலிருந்து உரித்து, ஜெசிந்தா அதை யாரிடமும் காட்டாமல் முதலில் சுரேஷ் கையில் கொடுத்தாள். அவன் அதைப் படிக்கவில்லை. நாள் இருக்கிற இடத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

நான் வாசல்வரை போய் அப்பாக்களை வழியனுப்பினேன். படியில் கால் வைத்த முனியாண்டி திரும்பி, உண்மையான வருத்தத்தோடு என்னைப் பார்த்தார்.

"மூணு மாசமா கோயிலு, கல்லறைன்னு என்னென்னமோ பேசுனிங்களே தம்பி. சிஸ்டம் ஒத்துக்காதுன்னு மொத நாளே ஒரு வார்த்தை சொல்லிருந்தா, இந்நேரம் புள்ளைங்க குடித்தனம் பண்ணிருக்கும்லா?"

பன்னிரண்டு மாதிரிகளோடு உண்மையைச் சொன்னால் யார் ஆள் என்று கேட்பார்கள், சிவப்புக் கட்டத்துக்குள் பொய்யைச் சொன்னால் எழுந்து நிற்பார்கள் என்பதைக் கற்றுக்கொள்ள, நான் படித்திருக்க வேண்டியது கையேட்டை அல்ல, ஜெசிந்தாவை.